நாளைக் காலை: ஒரு மின்கலக் கணக்கின் வரலாறு

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வருவது வாழப்பாடி. தொலைவில் மலைகள், கீழே பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும், நடுவே ஓயாத சாலை. இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடறியச் செய்த வாழப்பாடி இராமமூர்த்தி 1998-99இல் மத்திய அமைச்சரவையில் பெட்ரோலியத் துறையை வகித்தார் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். ஆனால், வண்டியை ஓட்டப் பெட்ரோலும் டீசலும் மட்டும் போதா. அதை எழுப்ப ஒரு பேட்டரியும் வேண்டும். அந்தப் பேட்டரியை எழுப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்ற சிறிய கேள்வியின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

எங்கள் பள்ளிப் பருவத்தில் சாலையோரத்தில் ஒரு சார்ஜ் கடை இருந்தது. தகரக் கூரை. சுவரோரம் மரப்பலகையில் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒன்றின் நேர்முனையிலிருந்து அடுத்ததன் எதிர்முனைக்கு ஈயக் கவ்விகள். உள்ளே நுழைந்தாலே தொண்டையைக் கரகரக்கச் செய்யும் ஒரு புளித்த வாடை. கடைக்காரரின் பருத்திச் சட்டை சல்லடையாக இருக்கும். கந்தக அமிலத் துளி பட்ட இடமெல்லாம் இரண்டாம் துவைப்பில் ஓட்டையாகிவிடும். பாலியஸ்டர் துணி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின்தான் அவர் முழுச்சட்டை அணிந்து கண்டோம்.

அவரிடம் எந்த வண்டிக்காரர் வந்து எந்தப் பேட்டரியை இறக்கினாலும் விடை ஒன்றுதான்: "நாளைக்குக் காலையில வாங்கண்ணா." டிராக்டர் பேட்டரிக்கும் அதே விடை, வேன் பேட்டரிக்கும் அதே விடை. சோம்பலின் சொல்லாகவே நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். தையற்காரரும் ஆசாரியும் சொல்கிற அதே நாளை. அது சோம்பல் அன்று, வாய்பாடு என்று புரிய எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

*

ஈய-அமில மின்கலத்தைக் கண்டவர் பிரான்சு நாட்டு இயற்பியலர் காஸ்தோன் பிளாந்தே, ஆண்டு 1859. இரண்டு ஈயத் தகடுகளை இடையே ஒட்டாதபடி சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். மின்சாரம் செலுத்தினால் ஒரு தகட்டின் மேற்பரப்பு ஈய டைஆக்சைடாக மாறியது. பின்பு அதே தகடுகள் மின்சாரத்தைத் திருப்பித் தந்தன. அவர் காலத்தில் இதற்கு உதவக்கூடிய டைனமோ இல்லை. புன்சன் கலங்கள் போன்ற, ஒருமுறை மட்டுமே பயன்படும் மின்கலங்களைக் கொண்டே தம் மின்கலத்தை ஏற்றவேண்டியிருந்தது. அதிலும், வெற்று ஈயத் தகடு ஒரே ஏற்றத்தில் பக்குவப்படுவதில்லை. ஏற்றி, இறக்கி, முனைகளை மாற்றி மீண்டும் ஏற்றி, ஓய்வு கொடுத்து என்று மாதக்கணக்கில் அதைப் பழக்கவேண்டும். ஆக, எத்தனை நேரம் ஏற்றவேண்டும் என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த முதல் விடை மணிக்கணக்கில் இல்லை. பல மாதங்கள் என்பதே.

1881இல் கமீல் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசினார். பக்குவப்படுத்தும் காலம் மாதங்களிலிருந்து நாட்களாகச் சுருங்கியது. அவ்வாண்டே ஏற்றப்பட்ட ஃபோர் கலங்கள் கொண்ட பெட்டி ஒன்று பாரிசிலிருந்து கிளாஸ்கோ நகருக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனிடம் கொண்டுசெல்லப்பட்டது. 72 மணி நேரப் பயணத்துக்குப் பின்னும் மின்சாரம் உள்ளே இருந்தது. பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் ஒரு பெட்டிக்குள் கடல் தாண்டி வந்ததென்று அன்றைய நாளேடுகள் வியந்தன. அந்தப் பத்து லட்சத்தை இன்றைய கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 0.38 யூனிட். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் அரை யூனிட்டும் ஆகாது. ஆயினும் வியப்பு நியாயமானதே. மின்சாரம் அன்றுவரை உண்டான இடத்திலேயே செலவாகும் பொருள்; அன்றுதான் அது சுமந்து செல்லக்கூடிய சரக்காயிற்று.

சரக்கு என்றால் அளவை வேண்டும். அரிசிக்குப் படியும் வல்லமும் போல, மின்கலத்துக்கு ஆம்பியர்-மணி என்னும் அளவை வழக்கில் வந்தது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் ஆம்பியர்-மணி. பெட்டியின்மேல் 80 ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால், வண்டி மின்கலங்களைப் பொறுத்தவரை அதன் பொருள் 4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பது. ஒரு மணி நேரத்தில் 80 ஆம்பியர் தரும் என்று எண்ணினால் ஏமாறுவோம். வேகமாக இறைத்தால் கிணறு விரைவில் அடிதட்டுவது போல, வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவே குறைந்துவிடும். இந்தக் குறைவை ஒரு விதியாக வகுத்தவர் ஜெர்மானியரான பாய்க்கர்ட், ஆண்டு 1897. மலையோர உழவருக்கு இவ்விதியைக் கற்பிக்கத் தேவையில்லை. கிணறு ஊறும் வேகத்துக்கு மேல் ஏற்றம் இறைக்கலாகாது என்பது அவர் பாட்டன் அறிந்தது.

*

இனி, ஏற்றுவதற்கான கணக்கு. இறங்கிப்போன ஆம்பியர்-மணியை, செலுத்தும் ஆம்பியரால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். எளிய வகுத்தல்தான். ஆனால், செலுத்துவது முழுவதும் உள்ளே தங்குவதில்லை. ஒரு பகுதி நீரைப் பிரித்து வாயுவாக்கி வெளியே போய்விடும். ஆகவே பத்துக்குப் பன்னிரண்டாகப் போடவேண்டும். அதாவது 1.2ஆல் பெருக்கவேண்டும். பழைய மின்கலமாயின் 1.4 வரைகூடப் போவதுண்டு.

எத்தனை ஆம்பியர் செலுத்தலாம் என்பதற்கும் தொழிலில் ஒரு மரபு உண்டு: கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 80 ஏ.எச். பேட்டரிக்கு 8 ஆம்பியர். முழுதும் இறங்கிவிட்ட அந்தப் பேட்டரிக்கு 80ஐ 1.2ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 12 மணி நேரம். இப்போது 150 ஏ.எச். லாரி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 15 ஆம்பியர், 150ஐ 1.2ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் அதுவும் 12 மணி நேரம். மோட்டார்சைக்கிளின் சின்னப் பேட்டரிக்குப் போட்டாலும் பன்னிரண்டே வரும். பத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்த கணத்திலேயே கொள்ளளவு கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே. மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் காலை ஆறு மணி.

"நாளைக்குக் காலையில வாங்கண்ணா" என்பதன் முழுப் பொருளும் இதுதான். சட்டையெல்லாம் ஓட்டையான அந்த மனிதர் வகுத்தலும் பெருக்கலும் சுருங்கிய விடையை ஒரு வாக்கியமாக வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள்தாம் அதைச் சாக்குப்போக்கு என்று படித்தோம்.

*

இந்தக் கணக்கு வண்டிக்காரரின் கவலையாக மாறியது எப்போது? தொடக்கக்கால மோட்டார் வண்டிகள் பேட்டரியை நம்பி எழவில்லை. முன்னே செருகிய கைப்பிடியைச் சுழற்றினால் போதும். சுழற்றும்போது பின்னுதைத்துக் கையை முறித்த கதைகளும் ஏராளம். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வடித்த மின்துவக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து பேட்டரி வண்டியின் உறுப்பாயிற்று. அது படுத்தால் வண்டியும் படுத்தது.

தமிழகத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்திலேயே பேருந்து ஓட்டத் தொடங்கியிருந்தார். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி-பழனி சாலையில் தம் முதல் பேருந்தை விட்டார். சேலம் சீமையிலும் இருபது, முப்பதுகளில் மோட்டார் சாலைகள் உயிர்பெற்றன. பேட்டரிகள் அன்று கப்பலில் வந்தன. கல்கத்தாவுக்கு அருகே சியாம்நகரில் 1946இல் தொழிற்சாலை வந்த பிறகே இந்நாட்டில் செய்த மின்கலங்கள் பெருவாரியாகக் கிடைக்கலாயின. பேட்டரி ஓரிடத்தில் பிறந்தாலும், அதை ஏற்ற மின்சாரம் அந்தந்த ஊரில் வேண்டுமே! மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. அங்கே நீர்மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. காவிரி நீர் கம்பி வழியே சேலத்துக்கு வந்தபின்தான் சார்ஜ் கடை என்ற தொழிலுக்கு இங்கே உறுதியான தளம் அமைந்தது. 1957இல் மாநில மின்வாரியம் உருவாகி, கிணற்று மோட்டார்களுக்காகக் கம்பிகள் சிற்றூர்களுக்கு நீண்டபோது, சார்ஜ் கடையும் அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேட்டூரிலிருந்து வந்தது மாறுமின்சாரம். பேட்டரி ஏற்பது நேர்மின்சாரம் மட்டுமே. நேர்மின்சாரம் வழங்கிய நகரங்களில் வேலை சுலபம். 220 வோல்ட் கம்பிக்கும் பேட்டரிக்கும் இடையே மின்விளக்குகளைத் தடையாக மாட்டிவிடுவார்கள். நூறு வாட் விளக்கு ஒன்று ஏறக்குறைய 0.45 ஆம்பியரை விடும். பத்து விளக்கு எரிந்தால் நாலரை ஆம்பியர். மீட்டர் தேவையில்லை, எரியும் விளக்குகளை எண்ணினால் மின்னோட்டம் தெரிந்துவிடும். ஒரு பேட்டரியை மட்டும் இப்படி ஏற்றினால், செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கே அதற்குள் போயிருக்கும். மற்றதெல்லாம் விளக்கில் வெளிச்சமும் சூடும். மாறுமின்சாரம் வந்த ஊர்களுக்கு ஒருபுற வழிவிடும் கருவி தேவைப்பட்டது. முதலில் டங்ஸ்டன் இழையும் ஆர்கான் வாயுவும் கொண்ட டங்கர் குமிழ்கள், பிறகு செலினியத் தகடுகள், அதன்பின் சிலிக்கன் டையோடுகள் என்று ரெக்டிபையர் பெட்டி தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தது.

அந்த விளக்குகளை எண்ணும்போது ஒரு சொல் நினைவில் எழுகிறது. விளக்கு ஏற்றுகிறோம், பாரம் ஏற்றுகிறோம், சார்ஜும் ஏற்றுகிறோம். ஆங்கிலச் சொல்லான சார்ஜ் பிறந்ததே வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பின்னை இலத்தீன் சொல்லிலிருந்துதான். லாரிக்காரர் அகராதி பார்க்காமலே அந்த வேரைத் தொட்டுவிட்டார். பேட்டரி "இறங்கிவிட்டது" என்று அவர் சொல்வது லோடு இறங்கியதைச் சொல்லும் அதே வாயால்தான். மின்னேற்றம் என்ற கலைச்சொல்லைப் பாடநூலில் படித்தபோது அது எங்களுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவே காரணம் போலும்.

*

ஏற்றப்பட்டவை வண்டி பேட்டரிகள் மட்டுமல்ல. மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் பேட்டரியில்தான் பாடின. சிறிய டிரான்சிஸ்டர்கள் வந்து அந்தத் தொல்லையைத் தீர்க்கும்வரை, அமிலக் கலம் மிதிவண்டிப் பின்னிருக்கையில் அலுங்காமல் டவுனுக்குப் போய் மறுநாள் திரும்பும். மாரியம்மன் பண்டிகைக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் மைக் செட்காரர் கொண்டுவரும் கார் பேட்டரியும் அந்தப் பலகையில்தான் இரவைக் கழித்தது. ஐம்பது, அறுபதுகளின் மேடைத்தமிழைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். அடுக்குமொழி ஊர்க்கோடிவரை கேட்டதற்கு முந்தைய இரவு யாரோ ஒருவர் விழித்திருந்து அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்ததும் ஒரு காரணம் என்பதை எவரும் எழுதியதாக நாங்கள் கண்டதில்லை.

அடர்த்தி என்றோம். வாய்பாடு சொல்வது உத்தேசம். முடிவை அமிலமே சொல்லும். பேட்டரி ஏற ஏற, தகட்டில் ஒட்டிய சல்பேட் மீண்டும் அமிலத்துக்குத் திரும்பி அதன் அடர்த்தி உயரும். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் ஹைட்ரோமீட்டர் அதைக் காட்டும். குளிர்நாடுகளில் நிறைவு 1.280 என்பார்கள், நம் வெயிலுக்கு 1.240 அளவிலேயே நிரப்புவார்கள், தகடு நெடுநாள் உழைக்கட்டும் என்று. ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் அளவு மாறாதிருந்தால் ஏற்றம் முடிந்தது என்பது நூல் விதி.

கடைக்காரர் இந்தக் கருவிக்கும் முன்பே அறிந்துவிடுவார். ஒவ்வொரு கலமும் 2.4 வோல்ட்டை நெருங்கும்போது குமிழ் விடத் தொடங்கும். அதைக் "கொதிக்குது" என்பார். ஆறு மூடிகளையும் திறந்துவைத்துக் காது கொடுத்துக் கேட்பார். ஐந்து அறைகள் ஒரே சீராக இரைய, ஆறாவது மௌனமாயிருந்தால் அந்தக் கலம் கெட்டுவிட்டது என்று பொருள். பெட்டியின் பக்கவாட்டில் புறங்கை வைத்துப் பார்ப்பார். சூடு மிஞ்சினால் ஆம்பியரைக் குறைப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இருக்கும்.

இன்னொரு நுட்பமும் அவர் கையிலிருந்தது. வரிசையாகக் கோத்த பேட்டரிகள் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டமே பாயும். ஆகவே அந்த வரிசையில் இருப்பதிலேயே சிறியது தாங்கும் அளவுக்குமேல் செலுத்தலாகாது. 80 ஏ.எச். பெட்டியோடு 150 ஏ.எச். பெட்டியைக் கோத்து 8 ஆம்பியர் விட்டால், பெரியது நிறைய இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். அதன் சொந்தக்காரருக்கு நாளைக் காலை நாளை மாலையாகிவிடும். எதை எதனோடு கோப்பது என்பதில் அவரது கணக்கும் நேர்மையும் ஒருங்கே வெளிப்பட்டன.

*

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. ஜவ்வரிசி லோடு. ஒரு மாலை வண்டி எழவில்லை. இரண்டு பேட்டரிகளையும் இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனார். நாங்களும் உடன் போனோம்.

"ராத்திரிக்கே கெளம்பியாவணும் தம்பி. கொஞ்சம் தூக்கி விடு."

"தூக்கி விட்டா ஏறும்ணா. ஆனா நிக்காது. காலையில வாங்க."

பெரியப்பா காத்திருக்கவில்லை. வேறோர் ஊரில் இன்னொரு கடையில் மூன்று மணி நேரத்தில் ஏற்றித் தந்தார்கள். வண்டி அன்றிரவே புறப்பட்டது. லோடும் நேரத்துக்குச் சேர்ந்தது. இரண்டு மாதத்துக்குள் தகடுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்து, இரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. புதிது வாங்கக் கடன் வாங்கினார். அந்த இரவைக் காத்திருந்து கழித்திருந்தால் வாடகை போயிருக்கும். காத்திராததால் பேட்டரி போயிற்று. எது பெரிய இழப்பு என்று அவர் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. சிறுமுதலாளியாய்ச் சாலையில் பிழைப்பவர்க்கு நேரத்தின் விலை எப்போதும் இப்படி இரண்டு பக்கமும் கூராகவே இருக்கிறது.

அந்த மூன்று மணி நேரம் ஏன் போதவில்லை என்பதற்கான விடையை 1935இலேயே உட்பிரிட்ஜ் என்னும் பொறியாளர் எழுதிவைத்திருந்தார் என்பதைப் பின்னாளில் படித்தோம். பேட்டரியில் எத்தனை ஆம்பியர்-மணி குறைந்திருக்கிறதோ, அத்தனை ஆம்பியருக்குமேல் எந்தக் கணத்திலும் செலுத்தலாகாது என்பது அவர் விதி. 100 குறைந்திருந்தால் தொடக்கத்தில் 100 ஆம்பியர்கூட ஏற்கும். ஆனால் அது நிறைய நிறைய, ஏற்கும் வேகமும் அதே அளவில் தளர்ந்துகொண்டே வரவேண்டும். இவ்விதிப்படி முதல் மணி நேர முடிவில் எஞ்சியிருக்கும் குறை 37, இரண்டாவதில் 13.5, மூன்றாவதில் 5, நான்காவதில் 2. குறை சிறுத்துக்கொண்டே போகும். கணக்கின்படி ஒருபோதும் சுழியைத் தொடாது. பசித்தவன் முதல் கவளத்தை விழுங்கும் வேகத்தில் கடைசிக் கவளத்தையும் விழுங்க வற்புறுத்தினால் என்ன ஆகுமோ அதுவே பேட்டரிக்கும் ஆகும். உட்பிரிட்ஜ் சொன்னபடி தளர்த்திக்கொண்டே வரக் கருவி இல்லாத கடைக்கு, தொடக்கம் முதலே பத்தில் ஒரு பங்காக மெல்லச் செலுத்துவதே பாதுகாப்பான வழி. அந்த வழியின் பெயர்தான் நாளைக் காலை.

*

அந்தக் காலையைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று மின்வெட்டு. 2008க்குப் பின் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்றது. பன்னிரண்டு மணி நேர ஏற்றம் இரண்டு மூன்று நாட்களாகத் துண்டுபட்டது. அதே மின்வெட்டு வீடுதோறும் இன்வெர்ட்டரையும் அதற்கான பேட்டரியையும் விற்றது என்பது தனி வேடிக்கை. மற்றொன்று, முத்திரையிட்ட மின்கலம். மூடி இல்லை, நீர் ஊற்ற வேண்டாம், ஹைட்ரோமீட்டர் நுழைய வழியில்லை. குமிழின் இரைச்சலைக் கேட்டறிந்த காதுக்கு அங்கே வேலை கிடையாது. புறவழிச்சாலை அமைந்தபின் நெடுந்தூர லாரிகளும் ஊருக்குள் வருவது குறைந்தது.

கடந்துபோனதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. மூடிய அறையில் அந்தக் குமிழ்கள் விட்டது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பீடி நெருப்பு போதும். அதைவிடக் கொடியது ஈயம். பழைய பெட்டிகளை உடைத்து, தகட்டை உருக்கி, கவ்வி வார்த்த கைகளே சோற்றையும் பிசைந்தன. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறக்குறைய 80 கோடிப் பேர், இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயத்தோடு வாழ்கிறார்கள் என்று யுனிசெப் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. முறையற்ற பேட்டரி உருக்குதலை முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் சுட்டியது. பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற இந்திய அரசு 2001இல் விதிகள் வகுத்தது; 2022இல் புதிய விதிகள் வந்தன. அந்தக் கடையின் வாசலில் விளையாடிய எங்களுள் எவர் உடலில் எவ்வளவு ஏறியது என்பதற்கு வாய்பாடு ஏதுமில்லை.

இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. 2008இல் கோவையில் தொடங்கிய ஒரு நிறுவனம் தனக்கு ஆம்பியர் என்றே பெயர் சூட்டிக்கொண்டது. அதன் தொடக்கக்கால வண்டிகள் ஓடியதும் ஈய-அமிலத்தில்தான். இப்போதைய லித்தியம் மின்கலம் முற்றிலும் வேறான வேதியியல். ஆயினும் அதன் விளம்பரங்களை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும்: எண்பது விழுக்காடு வரை எத்தனை நிமிடம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், எஞ்சிய இருபதைப் பற்றிச் சிறிய எழுத்து. கடைசிப் பங்கு இன்றும் மெல்லத்தான் ஏறுகிறது. அதை அளந்து மின்னோட்டத்தைத் தளர்த்தும் வேலையை இப்போது ஒரு சில்லு பார்த்துக்கொள்கிறது.

சென்ற முறை அவ்வழி போனபோது கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை ஒன்றைக் கண்டோம். எங்கள் கைப்பேசியும் இறங்கியிருந்தது. செருகிக் கொடுத்த இளைஞரிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். "அரை மணி நேரம் சார். ஃபுல் ஆகணும்னா கொஞ்சம் லேட் ஆகும்" என்றார். வெளியே வந்து டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.